அவனிடம் யாரும் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை

ஒரு பிள்ளைக்கு எடை கூடினாலும் சரி, பல் சொத்தையானாலும் சரி, பெரியவர்கள் எடுத்த எடுப்பில் சொல்லும் பதில் ஒன்றுதான்: இனிப்பைக் குறை. மருத்துவர் சொல்கிறார், ஆசிரியர் சொல்கிறார், வீட்டுக்கு வந்துபோகும் உறவினரும் சொல்கிறார். அந்தப் பதிலில் பிழையில்லை. ஆனால் என் அக்கா மகன் விஷயத்தில் அதைப் பலர் வாயிலிருந்தும் கேட்ட பிறகு எனக்குள் ஒரு நெருடல் தங்கிவிட்டது. அவன் என்ன தின்கிறான், எவ்வளவு தின்கிறான் என்று எல்லோரும் விசாரித்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஏன் ஓயாமல் எதையாவது வாயில் போட்டுக்கொண்டே இருந்தான் என்று விசாரிக்கத்தான் ஆளில்லை. அந்த இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

அவனுடைய அப்பா நெடுநாள் நோயில் படுத்திருந்த காலம் அது. அக்கா வேலைக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் பிள்ளை என் வீட்டுக்கு வந்துவிடுவான். இரவு எந்நேரமானாலும் அக்கா வந்து அழைத்துப் போவாள். சில நாள் வர முடியாமலும் போகும். அவன் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. வீட்டுப்பாடத்தை யாரும் சொல்லாமலே முடித்துவைப்பான். பார்த்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு சமர்த்து" என்று மெச்சினார்கள். ஓசையில்லாத பிள்ளையைச் சமர்த்து என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அவனைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்றாகிவிடுகிறது. அந்தப் பாராட்டுக்குள் எத்தனை பிள்ளைகள் ஒளிந்துகொண்டிருக்கிறார்களோ.

அந்த ஓராண்டில் அவன் உடல் பருத்தது. சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன. பிறகு கடைவாயில் வலி என்றான். வலித்த பல் பால்பல் இல்லை. ஆறு வயதை ஒட்டி முளைக்கும் முதல் நிலையான கடைவாய்ப்பல் அது. பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே சத்தமின்றி முளைத்துவிடுவதால், இதுவும் விழுந்து முளைக்கப்போகிற பல்தானே என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் மெல்வதற்கான பல் அது. முளைத்த சில ஆண்டுகளிலேயே குழி விழுந்து நிற்பதைப் பார்ப்பது வேதனையான விஷயம்.

குழந்தை நல மருத்துவர் உயரமும் எடையும் எடுத்து, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. கணக்கிட்டு, வயதுக்குரிய வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில், 5 முதல் 19 வயது வரை, நடுக்கோட்டிலிருந்து ஒரு திட்ட விலக்கத்தை (பிள்ளைக்குப் பிள்ளை பொதுவாகக் காணும் வேறுபாட்டை அளக்கும் அலகு அது) தாண்டினால் அதிக எடை, இரண்டைத் தாண்டினால் உடல் பருமன். அவனுடைய புள்ளி மேல்கோட்டைத் தாண்டி இருந்தது. உணவு அட்டவணை ஒன்று கொடுத்தார். பல் மருத்துவர் சொத்தைகளை எண்ணினார், பல் துலக்கும் முறையைச் செய்து காட்டினார். இருவருமே தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் எடைக்கான சீட்டில் பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. பல்லுக்கான சீட்டில் எடையைப் பற்றி ஒரு வரி இல்லை. அவனுடைய அப்பாவின் நோய் இரண்டிலுமே இல்லை.

இது ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் இத்தனை நீளமாக எழுத மாட்டேன். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகில் 5 முதல் 19 வயதுக்குள் அதிக எடையுள்ளவர்கள் 39 கோடிக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் உடல் பருமன் உள்ளவர்கள். பால்பற்களில் சொத்தை உள்ள பிள்ளைகளோ 51 கோடிக்கும் மேல். இரண்டு எண்களையும் வெளியிட்டது ஒரே உலக சுகாதார நிறுவனம்தான். ஆனாலும் இவை இரண்டும் வேறு வேறு பிள்ளைகளைப் பற்றியவை என்பதுபோலவே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சர்க்கரை செய்வது

சர்க்கரையைத் தப்பிக்கவிடுவது என் நோக்கமில்லை. அது செய்வதை முதலில் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பல்லின் மேல் படியும் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள், முக்கியமாக 1924இல் கிளார்க் என்ற ஆய்வாளர் அடையாளம் கண்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. 1940களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்கர், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பல் படலத்தில் அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்று அளந்து பார்த்தார். சில நிமிடங்களுக்குள் அமிலம் ஏறிவிடுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகிறது. அமிலம் ஏற ஏற இறங்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே போய்விட்டால், பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் மெல்ல மெல்ல அமிலத்தைத் தணித்து, கரைந்துபோன தாதுக்களில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து படியவைக்கிறது. அடுத்த வாய் இனிப்பு அதற்குமுன் வந்துவிட்டால் அந்தப் பழுது பார்க்கும் வேலை பாதியில் நின்றுபோகிறது.

ஆகவே பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு என்பதைப் போலவே எத்தனை தடவை என்பதும் பெரிய கேள்வி. இந்த உண்மையை உறுதிசெய்த ஆய்வு ஸ்வீடன் நாட்டின் விப்பெஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில் 1940களின் பிற்பகுதியில் நடந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு, அவர்களுடைய சம்மதமே இல்லாமல், ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்து அவர்களின் பற்களைக் கெடவிட்டார்கள். உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரையால் சொத்தை அவ்வளவாக ஏறவில்லை. உணவு வேளைகளுக்கு இடையில் தின்ற ஒட்டும் மிட்டாயால் கடுமையாக ஏறியது. மருத்துவ நெறிக்குப் புறம்பான ஆய்வு என்று இன்று அது கண்டிக்கப்படுகிறது; கண்டிக்கப்பட வேண்டியதுதான். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் அறிவுரைக்குப் பின்னால் அந்த மனிதர்களின் வலி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

எடையின் கணக்கு வேறு. அங்கே மொத்த அளவுதான் பேசும். உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்தும் தேன், பழச்சாறு போன்றவற்றிலிருந்தும் கிடைக்கும் ஆற்றல் ஒரு நாளின் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. நாளுக்கு 1,500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு முதல் அளவு ஏறத்தாழ 38 கிராம், இரண்டாவது 19 கிராம். இனிப்பூட்டிய 330 மில்லிலிட்டர் குளிர்பானம் ஒன்றிலேயே 35 கிராம் வரை இருக்கக்கூடும். அந்த ஒன்றை உணவோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்தாலும், மாலை முழுதும் மிடறு மிடறாகக் குடித்தாலும் எடைக்கு ஒன்றுதான். பல்லுக்கு ஒன்றாகாது, ஒவ்வொரு மிடறும் அமிலத்தை மீண்டும் ஏற்றிவிடும்.

கணக்கு இடிக்கும் இடம்

இதுவரை எல்லாம் நேராகத்தான் போகிறது. சர்க்கரை மட்டுமே முழுக் காரணம் என்றால், பருத்த பிள்ளைகளிடம் சொத்தை எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும் அல்லவா? ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சில ஆய்வுகள் தொடர்பு உண்டு என்கின்றன, சில இல்லை என்கின்றன, சிலவற்றில் மெலிந்த பிள்ளைகளுக்கே சொத்தை அதிகம். 2012இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, எடை மிகக் குறைந்தவர்களிடமும் மிக அதிகமானவர்களிடமும், அதாவது இரண்டு ஓரங்களிலும், சொத்தை கூடுதலாகத் தெரிவதைக் காட்டியது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வு, தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறியது என்றது.

யோசித்தால் இதில் வியப்பில்லை. வலிக்கிற பல்லோடு பிள்ளையால் மெல்ல முடியாது; இரவில் தூங்கவும் முடியாது. கடுமையான சொத்தையுள்ள சின்னஞ்சிறு பிள்ளைகள் வயதுக்கேற்ற எடையில்லாமல் இருந்து, பற்களுக்குச் சிகிச்சை முடிந்த பிறகு எடை தேறியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மறுபக்கம், பருமனான பிள்ளைகளுக்கு நிலையான பற்கள் சற்று முன்னதாகவே முளைக்கின்றன. அதனால் அவை வாயின் அமிலத்துக்குச் சீக்கிரமே ஆளாகின்றன. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கும் இல்லை. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப்., இன்டர்லியூக்கின்-6 போன்ற வேதிப்பொருள்களைச் சுரக்கிறது, ஈறு வீங்கி இரத்தம் கசிவதற்கு அவையும் துணைபோகலாம். ஆக எடைக்கும் பல்லுக்கும் நடுவில் நேர்க்கோடு போட முடியாது. ஒரே அளவு இனிப்பு தின்னும் இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் எல்லாம் ஏன் சேர்ந்து வருகிறது என்பதற்கு வேறெதையோ தேட வேண்டியிருக்கிறது.

தேய்ந்த பற்கள்

அடைத்த பல் மறுபடி வலித்ததால் வேறொரு பல் மருத்துவரிடம் போனோம். அவர் வாயைத் திறக்கச் சொல்லிச் சொத்தையைப் பார்த்தார். பிறகு சொத்தையை விட்டுவிட்டு நெடுநேரம் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கோரைப்பற்களின் நுனி கூர் மழுங்கித் தட்டையாக இருந்தது. மேல்வரிசை முன்பற்களுக்கு மேலே ஈறு மட்டும் சிவந்து தடித்திருந்தது. உதடுகள் வெடித்திருந்தன. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறானா? வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா? குறட்டை உண்டா?" மூன்றுக்கும் ஆம் என்றேன்.

பிறகு அவர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டார். "எத்தனை மணிக்குத் தூங்குவாய், தம்பி?"

"அம்மா வரும்வரை தூங்க மாட்டேன்."

"அம்மா வர ரொம்ப நேரமாகுமே. அதுவரை என்ன செய்வாய்?"

"ஏதாவது தின்றுகொண்டிருப்பேன். தின்றால் தூக்கம் வராது."

"தூங்கினால் என்ன?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னான்: "மருத்துவமனையிலிருந்து போன் வந்தால் எனக்குத் தெரியாமல் போய்விடும்."

அந்த அறையில் எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு நான் வெளியே வந்த பிறகு, அந்தப் பிள்ளை தலையணைக்கடியில் பிஸ்கட்டையும் மிட்டாயையும் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பற்றிய செய்திக்காகக் காவல் இருந்திருக்கிறான். அவனுக்கு இனிப்பின் மேல் பேராசை என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அவனுக்கோ அது விழித்திருப்பதற்கான கருவி. உணவு அட்டவணையில் இதற்கு எந்தக் கட்டம் இருக்கிறது? துலக்கும் முறையைக் காட்டும் படத்தில் இது எங்கே வரும்?

அந்த மருத்துவர் ஒன்றையும் மிகைப்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பல் கடிப்பது சகஜம், பால்பல் தேய்வதும் சகஜம், அதை வைத்து மட்டும் மன அழுத்தம் என்று சொல்லிவிட முடியாது என்றார். வாயால் மூச்சுவிடுவதற்கு மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையின் வீக்கமோ டான்சிலோ காரணமாக இருக்கலாம். எடை கூடிய பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் சிக்கல் அதிகம் வரும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்று எழுதிக்கொடுத்தார். பல் சிகிச்சையை மேலும் தள்ளிப்போடாமல் அன்றே தொடங்கினார். ஆனால் சீட்டின் மேல்பகுதியில் அவர் எழுதிய முதல் வரி: "தூக்கம் போதவில்லை. தந்தை நோயுற்றிருக்கிறார்." அவனைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்களிலேயே உண்மைக்கு மிக அருகில் வந்த வரி அதுதான் என்று நினைக்கிறேன்.

காவல் இருக்கும் உடல்

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். ஆபத்து என்று மூளை கருதியதும் ஹைப்போதாலமஸ், பிட்யூட்டரி, அட்ரினல் சுரப்பிகள் வழியாகக் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவர் 1936இல், வேறு வேறு துன்பங்களுக்கு உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதைக் கண்டு எழுதியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்திருக்கிறது. கொஞ்ச நேர ஆபத்துக்கு இந்த ஏற்பாடு நல்லது. மாதக்கணக்கில் நீடித்தால் அதே கார்டிசோல் பசியைத் தூண்டுகிறது, இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவின் மேல் நாட்டத்தை ஏற்றுகிறது, வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேர வழிசெய்கிறது. தின்றவுடன் மனம் சற்று அமைதியடைவதும் உண்மை. இதைப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தூக்கத்தின் பங்கு என்னை அதிகம் வியக்கவைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளியான ஒரு ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்கவிட்டார்கள். வேறு இரண்டு இரவுகள் 10 மணி நேரம். தூக்கம் குறைந்தபோது நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. இது பெரியவர்களிடம், சிலரிடம் மட்டுமே நடந்த சோதனை. ஆனாலும் பிள்ளைகளில் குறைந்த தூக்கமும் கூடிய எடையும் சேர்ந்து வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. விழித்திருக்கத் தின்றான், விழித்திருந்ததால் இன்னும் பசித்தது.

வாய்க்குள் நடப்பது இதைவிட நுட்பம். பதற்றத்தில் வாய் உலர்வதை எல்லோரும் அறிவோம். உமிழ்நீரின் நீர்ப்பகுதி குறைந்து கொழகொழப்பு மிஞ்சுகிறது. அமிலத்தைத் தணிக்கும் ஆற்றல் அந்தளவுக்குக் குறைகிறது. தூக்கத்திலோ உமிழ்நீர் சுரப்பது ஏறத்தாழ நின்றேபோகிறது. ஆகவே படுக்கையில் தின்று, வாயைக் கொப்பளிக்காமல், கடைசியில் வாயைத் திறந்தபடி உறங்கிப்போகும் பிள்ளையின் பல்லுக்கு இரவு முழுவதும் காப்பே இல்லை. தாமஸ் பாய்ஸ் என்ற குழந்தை நல ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட ஆய்வு என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. கலிபோர்னியாவில் ஐந்து வயதுப் பிள்ளைகளின் உமிழ்நீரில் கார்டிசோலை அளந்தார்கள். விழுந்த பால்பற்களை வாங்கி நுண்கதிர்ப் படம் எடுத்து எனாமலையும் அளந்தார்கள். வீட்டில் நெருக்கடி மிகுந்த பிள்ளைகளிடம் கார்டிசோல் கூடுதல். கார்டிசோல் கூடிய பிள்ளைகளின் எனாமல் மெலிந்தும் அடர்த்தி குறைந்தும் இருந்தது. சொத்தைக்கு அந்த உடல்நிலையும் வாயிலிருந்த நுண்ணுயிர்களும் சேர்ந்தே காரணமாயின. வீட்டின் கவலை பல்லின் கட்டமைப்பு வரைக்கும் எட்டுகிறது என்பதை ஒரு காகிதத்தில் எண்களாகப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது.

இதோடு இன்னொன்றும் உண்டு, அதற்கு எந்த ஹார்மோனும் தேவையில்லை. ஏழெட்டு வயது வரையாவது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பல் துலக்கிவிட வேண்டும் என்பது பல் மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. பெரியவருக்கே மூச்சுவிட நேரமில்லாத வீட்டில் முதலில் விட்டுப்போவது இதுதான். பிறகு நேரத்துக்குச் சமைப்பது போகிறது, மாலை விளையாட்டு போகிறது. அக்காவை யாரும் அலட்சியமான தாய் என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அவள் ஒருத்தி மூன்று பேரின் உயிரைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

கூனிக்குறுக வைப்பது மருந்தாகாது

பள்ளியில் ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் எடை பார்த்து எண்ணை உரக்கப் படித்திருக்கிறார்கள். அன்று மாலையே அவனுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிட்டது. முன்பல்லில் கறை தெரிகிறது என்று வேறு ஒருவன் சொல்ல, அதன்பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டான். எடையை இழித்துப் பேசினால் பிள்ளை வெட்கப்பட்டு மெலிவான் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. எடைக்காகக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் எடை இன்னும் வேகமாகக் கூடியதை 2019இல் வெளியான நெடுங்கால ஆய்வு ஒன்று காட்டியது. அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர்களின் சங்கம் 2017இலேயே, எடையைக் காட்டி இழிவுபடுத்துவது பிள்ளையின் உடல்நலத்தையே கெடுக்கிறது என்று எச்சரித்து, மருத்துவர்கள் தங்கள் சொற்களைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அவமானமும் மன அழுத்தம்தான். அதற்கும் கார்டிசோல் சுரக்கும். தவிர, போகும் இடமெல்லாம் திட்டு விழுமென்று தெரிந்த பிள்ளை வலியைக்கூட மறைத்துவிடுவான். இவன் பல்வலியை நெடுநாள் சொல்லாமலே வைத்திருந்தான்.

பருமனுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1980களில் நடந்த ஒன்றை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனுக்கான சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விலகிப்போனது அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டபோது, பலர் பிள்ளைப் பருவத்தில் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. சிலருக்குப் பருத்த உடல் ஒரு காப்பாக இருந்திருக்கிறது. அதைத் தொடர்ந்து ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அவர் நடத்திய பெரிய ஆய்வு 1998இல் வெளியானது. பிள்ளைப் பருவத் துன்பங்கள் கூடக் கூட, பெரியவரான பின் வரும் நோய்களும் கூடுவதை அது காட்டியது. பிற்பாடு வந்த ஆய்வுகள் அதே துன்பங்களுக்கும் பிள்ளைகளின் கெட்டுப்போன பற்களுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டன. ஒரு மருத்துவர் ஏன் என்று கேட்டதிலிருந்து இத்தனையும் தொடங்கியது.

வீட்டிலும் வெளியிலும்

இரண்டாவது பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அந்த இரவு அக்காவும் நானும் அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தோம். "எந்தச் செய்தி வந்தாலும், எந்த நேரமானாலும், உன்னை எழுப்பிச் சொல்லுவேன். நீ காத்திருக்க வேண்டாம்" என்றேன். "நிஜமாகவா, சித்தி?" என்றான். அதன்பிறகும் சில இரவுகள் விழித்துத்தான் கிடந்தான். வாக்கை நம்புவதற்குப் பிள்ளைக்கும் நேரம் வேண்டும். தலையணைக்கடியில் இருந்தவற்றை யாரும் பிடுங்கவில்லை. இரவுணவு முடிந்ததும் ஃப்ளூரைடு பற்பசையால் துலக்கிவிட்டு, அதற்குமேல் தண்ணீர் மட்டும் என்று பேசி ஒப்புக்கொண்டோம். தூங்கத் தொடங்கியதும் அவனாகவே இனிப்பை மறந்தான் என்று கதை சொல்ல மாட்டேன். பகலில் இன்னும் கேட்கிறான். கேட்டால் உணவோடு சேர்த்துக் கொடுக்கிறோம். அடினாய்டுக்குச் சிகிச்சை நடக்கிறது. எடை குறையவில்லை, ஆனால் நிலைத்து நிற்க, உயரம் மட்டும் கூடிவருகிறது. வளரும் பிள்ளைக்கு அதுவே பல நேரங்களில் போதுமான இலக்கு என்று குழந்தை நல மருத்துவர் சொன்னார்.

வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியதும் நிறைய உண்டு. மனத்தைக் கேளுங்கள் என்று சொல்வதைச் சாக்காக வைத்துச் சர்க்கரை விற்பவர்கள் தப்பிவிடக் கூடாது. பிரிட்டன் 2018 ஏப்ரலில் இனிப்பூட்டிய குளிர்பானங்களுக்கு வரி விதித்தது. சர்க்கரை அளவைக் குறைத்தால் வரி குறையும் என்பதால் தயாரிப்பாளர்களே கலவையை மாற்றினார்கள். 2023இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் ஒன்று, 18 வயதுக்குட்பட்டவர்கள் சொத்தைப் பல்லைப் பிடுங்க மருத்துவமனையில் சேர்வது, வரி இல்லாதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட 12 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. மற்றது, 10, 11 வயதுச் சிறுமிகளிடம் உடல் பருமன் 8 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. சிறுவர்களிடம் அப்படித் தெளிவான மாற்றம் தெரியவில்லை. பல்லுக்கும் எடைக்கும் ஒரே சட்டம் உதவ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மருத்துவர்களிடமும் பள்ளிகளிடமும் நான் கேட்பது அதிகமில்லை. பல் பார்க்கும் இடத்தில் உயரமும் எடையும் எடுங்கள், எடை பார்க்கும் இடத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு இடங்களிலும் எப்படித் தூங்குகிறாய், வீட்டில் எல்லோரும் நலமா என்ற இரண்டு கேள்விகளைப் பிள்ளையிடமே கேளுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள். எடை பார்ப்பதைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். எண்ணைச் சீட்டில் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள், வகுப்பில் படிக்காதீர்கள். அவனுடைய பள்ளிக்கு இதையே கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பருவத்து மருத்துவப் பரிசோதனைக்கு முன்பாகப் பதில் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.